ராஜகனி அக்காவின் கட்டைவிரல்

அநியாயம் நடந்தது ராஜகனி அக்காவுக்கு. அவர்கள் எழுதிய மடல்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, "இவர் வாயே திறப்பதில்லை" என்று பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். எடுத்தோம் என்ன, எடுத்தேன். நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேசப் பேச என் பக்கம் நியாயம் கூடிக்கொண்டே போகும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகளில் விடுதி அறையில் சீப்பும் ஹேர்பின்னும்தான் கிடக்கின்றன என்றாலும், உண்டு.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. உங்கள் குளக் கணக்கெடுப்புக் குழுவில் தன்னார்வலர்கள் பேசிக்கொள்ள எது நல்லது, மடற்குழு போதுமா, அரட்டைச் செயலிக்கு மாறலாமா என்று. "அடுக்குத் திட்டத்தில் ஆவுடைச்செல்வி என்று ஒரு பெண் இருக்கிறாள், இதையெல்லாம் மாற்றி அமைத்தவள்" என்று யாரோ சொல்லி, இந்த வெயிலில் பஸ் ஏறிப் பல்கலைக்கழகக் கேன்டீன் வரை வந்திருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருப்பேன் அக்கா. டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

அடுக்கு என்பது நூலகங்களுக்கான இலவச மென்பொருள். பெரிய நூலகங்களுக்கு இல்லை. ஒரே அறை, ஒரே மின்விசிறி, யாரோ தானமாகக் கொடுத்த ஒரு பழைய கணினி, அந்த மாதிரி ஊர்ப்புற நூலகங்களுக்கு. யார் எந்தப் புத்தகம் எடுத்தார், எப்போது திருப்பினார், அவ்வளவுதான் அதன் வேலை. ஞானராஜ் அண்ணன் ஆரம்பித்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இதை எழுதுகிற மனிதர். நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆறு வருடமாக எல்லாப் பேச்சும் மடற்குழுவில். ஒரு முகவரிக்கு எழுதினால் அறுபத்து நாலு பேருக்கும் போகும். பதில் அன்றைக்கும் வரலாம், அடுத்த வாரமும் வரலாம். யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ராஜகனி அக்கா அந்த அறுபத்து நாலில் ஒருவர். உடன்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில் நூலகர். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்பையும் முதலில் தன் நூலகத்தில் போட்டு, பத்து நாள் ஓட்டிப் பார்த்து, மடற்குழுவில் எழுதுவார்கள். "மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்" என்றுதான் தொடங்கும். நான் அந்தப் பத்துப்பன்னிரண்டு மடல்களையும் இப்போது மனப்பாடமாகச் சொல்வேன். ஒன்றில் எழுதியிருந்தார்கள்: "எங்கள் ஊரில் சுயம்புலிங்கம் என்ற பெயரில் ஒன்பது வாசகர்கள் உண்டு. அடுக்கு அந்த ஒன்பது பேரையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. ஒருவர் எடுத்துப் போன புத்தகத்துக்கு மற்ற எட்டுப் பேரையும் வைகிறது. நேற்று எட்டாவது சுயம்புலிங்கம் என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் பக்கம்தான் நியாயம்."

ஞானராஜ் அண்ணன் இரண்டு வாரம் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. புதிய பதிப்பு தயாரானால் அண்ணன் மடற்குழுவில் ஒரே வார்த்தை எழுதுவார்: "போகலாமா?" ராஜகனி அக்கா "போகலாம்" என்று எழுதினால்தான் வெளியிடுவது. சில தடவை "வேண்டாம், பொறுங்கள்" என்று வரும். பொறுப்போம். பெரிய பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற இருபது பேர் உடன்குடிப் பக்கத்து நூலகரின் ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். மென்பொருளைத் திறந்தால் முகப்பில் பொறுப்பாளர் பெயர்கள் வரும். ஐந்தாவது பெயர் "சி. ராஜகனி, சோதனைப் பொறுப்பாளர்." அந்த ஒரு வரியைப் பார்க்க அவர்கள் வீட்டுக்காரர் தவசிமுத்து லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நூலகத்துக்குள் வந்தாராம். வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் பார்த்தாராம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

நான் வந்து சேர்ந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். வந்த அன்றே எனக்குக் கோபம். எனக்கு எங்கே போனாலும் முதல் நாள் கோபம் வந்துவிடும், அம்மா சொல்வாள். என்ன கோபம் என்றால், மடற்குழு என்பது கட்டுரை எழுதத் தெரிந்த ஆண்களின் மடம். ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதுகிறார்கள், பெண்கள் நாலு பேர், அவர்களும் எப்போதாவது. இது ஜனநாயகமா? அரட்டைச் செயலியில் என்றால் ஒரு வரி போதும், ஒரு எமோஜி பொம்மை போதும், பயப்படாமல் எல்லோரும் பேசுவார்கள். இன்றைக்கும் இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞானராஜ் அண்ணனிடம் போனில் ஒரு மணி நேரம் வாதாடினேன்.

"மெதுவா இருக்குன்னு சொல்லுத. சிலபேருக்கு அந்த மெதுதான் வசதியா இருக்கும்லா," என்றார்.

"யாருக்கு அண்ணே வசதி? ஏற்கெனவே உள்ள இருக்கிறவங்களுக்கு."

"ராஜகனிட்ட கேட்டியா?"

"ஒருத்தர்ட்ட எதுக்குக் கேக்கணும்? எல்லார்ட்டயும்தான் கேக்கப்போறேன். ஓட்டெடுப்பு வைப்போம்."

"எதுல வைப்ப?"

"செயலியிலதான் அண்ணே. மடல்ல ஓட்டுப்போட பொத்தான் எங்க இருக்கு?"

 "சரிம்மா, நீ படிச்ச பிள்ளை," என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

புரிகிறதா அக்கா? மடற்குழுவை மூடலாமா என்று மடற்குழுவில் இருக்கிறவர்களிடம் கேட்கவில்லை. ஏற்கெனவே செயலிக்கு வந்துவிட்டவர்களிடம் கேட்டேன். எப்படி வந்தார்கள் என்றால், நான்தான் கொண்டுவந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு பயிலரங்கு நடத்தினோம். வருகைப் பதிவுத் தாளில் பெயர், ஊர், போன் எண். அந்தத் தாளைப் படமெடுத்து வைத்திருந்தேன். உட்கார்ந்து ஐம்பத்திரண்டு எண்களையும் ஒரே மூச்சில் சேர்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. சேர்க்கத்தானே போகிறோம், கேட்பானேன் என்று.

இதோ நீங்கள் மேசையில் விரித்து வைத்திருக்கிறீர்களே ஒரு தாள், நாற்பது பேர் பெயரும் எண்ணும். அதை மடித்து முதலில் பைக்குள் வையுங்கள். எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

மூடலாம் என்று முப்பத்தெட்டு ஓட்டு. வேண்டாம் என்று ஒன்றுகூட இல்லை. முப்பத்தெட்டில் ஒன்று ராஜகனி அக்காவின் எண்ணிலிருந்து வந்தது. ஓட்டுக்கு மேலே ஒரு கட்டைவிரல் பொம்மை வேறு. அதைத் தனியாகப் படமெடுத்து ஞானராஜ் அண்ணனுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரியும் எழுதினேன்: "கேட்டியா என்று கேட்டீர்களே."

அன்று மாலையே மடற்குழுவின் வாசலைச் சாத்தினேன். ஒரேயடியாக மூடினால் எழுதுகிறவர்களுக்கு மடல் திரும்பிப் போகும், முகத்தில் அடித்த மாதிரி இருக்கும் என்று, வருகிற மடல்களை நிறுத்தி வைக்கிற மாதிரி செய்தேன். மட்டுறுத்துநர் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். மட்டுறுத்துநர் நான். மடற்குழுவில் "நாங்கள் இடம் மாறிவிட்டோம்" என்று ஒரு வரி போட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

செயலியில் கூட்டம் களைகட்டியது. மடலில் வாரத்துக்குப் பத்து வந்த இடத்தில் நாளைக்கு நாற்பது. ராஜகனி அக்காவின் எண்ணுக்கு நேரே ஒரு படம் இருந்தது. மாலை போட்ட லோடு ஆட்டோ, பக்கத்தில் மீசைக்காரர் ஒருவர். என் வகுப்புத் தோழன் பீர் முகமது, அவனும் திட்டத்தில் இருக்கிறான், குழுவிலேயே கேட்டான்: "ராஜகனி அக்கா, லோடு ஆட்டோ வாங்கிட்டீங்களா? ட்ரீட் எப்போ?" எல்லோரும் சிரித்தோம். அந்த எண்ணிலிருந்து அதற்கும் ஒரு கட்டைவிரல்.

எல்லாவற்றுக்கும் கட்டைவிரல்தான். "போகலாமா?" என்று அண்ணன் கேட்டார், கட்டைவிரல். வெளியிட்டோம். அடுத்த பதிப்புக்குக் கேட்டார், கட்டைவிரல். வெளியிட்டோம். முன்பெல்லாம் பத்து நாள் ஆகும். இப்போது பத்து நிமிடம். "பாத்தீங்களா அண்ணே, வேகம்னா இதான்," என்று சொன்னேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்த காலம் அது.

பீரு மட்டும் ஒருநாள் கேட்டான். "ஏன் புள்ள, இந்த அக்கா முன்ன பக்கம் பக்கமா எழுதுவாங்க. இப்ப விரல மட்டும் காட்டுதாங்க?"

"நான் சொன்னேன்லா. எழுதுறது சுமை. அந்தச் சுமைய எடுத்துட்டோம்."

"சுமைய எடுத்தோமா, ஆளையே எடுத்துட்டோமா?"

"உனக்கு மாற்றம்னாலே பயம்ல."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வடை வாங்கப் போய்விட்டான்.

பிறகு நான் ஒரு விதி எழுதினேன். தொண்ணூறு நாள் பங்களிப்பே இல்லாதவர் பெயர் பொறுப்பாளர் பட்டியலிலிருந்து தானாகவே விலகும். நல்ல விதிதான், பல திட்டங்களில் இருக்கிறது. பங்களிப்பு என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டுமே. நிரல், பிழையறிக்கை, மூன்று வார்த்தைக்கு மேற்பட்ட பதில். பொம்மைகள் கணக்கில் சேராது என்று தெளிவாக எழுதினேன். நன்றாகக் கவனியுங்கள். பதிப்பை வெளியிட அந்தக் கட்டைவிரல் போதும். பொறுப்பில் நீடிக்க அந்தக் கட்டைவிரல் போதாது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள், ஒரே மடிக்கணினி. எதிரணியில் யாராவது இப்படி ஒரு வாதத்தை வைத்திருந்தால் அங்கேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

தொண்ணூறாம் நாள் அவர்கள் பெயர் போனது. ஐந்தாவது வரி இருந்த இடத்தில் என் பெயர் வந்தது. இதை யாரிடமும் நான் சொல்வதில்லை. முகப்பில் வரிசை குறைந்தால் கீழே இருப்பவர் மேலே வருவார், அவ்வளவுதான். ஆனால் வந்தது என் பெயர்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்த மாதமே எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு. "தன்னார்வ மென்பொருள் திட்டங்களில் பெண்கள் ஏன் மௌனமாகிறார்கள்" என்று கட்டுரை வாசித்தேன். அட்டவணை, வரைபடம் எல்லாம் போட்டு. மூன்றாவது அட்டவணையில் "பெண் நூலகர், தென்மாவட்டம்: மாற்றத்துக்கு முன் பன்னிரண்டு மடல்கள், மாற்றத்துக்குப் பின் சுழியம்." குடும்ப அமைப்பு அவரை எப்படி ஊமையாக்கியது என்று மூன்று நிமிடம் பேசினேன். குரல் நடுங்கப் பேசினேன் அக்கா, நிஜமாகவே நடுங்கியது. கைதட்டினார்கள். பேராசிரியை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்றாம் வாரம் பீரு கூப்பிட்டான். "சர்வர்ல இடம் நிறைஞ்சிட்டு. பழைய மடற்குழுவுல என்னமோ குவிஞ்சு கிடக்கு. நீதான மட்டுறுத்துநர், காலி பண்ணேன்." திறந்து பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு மடல்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. லாட்டரி, முடி வளர்கிற எண்ணெய், வெளிநாட்டு வேலை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கிற பொத்தான் மேலேயே இருக்கிறது. விரலையும் கொண்டுபோய்விட்டேன். அப்போதுதான் "மதிப்பிற்குரிய அனைவருக்கும்" என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டது.

முதல் மடல், வாசலைச் சாத்திய எட்டாம் நாள் எழுதியது. "ஒரு வாரமாக யாருடைய மடலும் வரவில்லை. எல்லோரும் நலமா? ஞானராஜ் சாருக்கு உடம்பு சரியில்லையா?"

இரண்டாவது, நாற்பதாம் நாள். அதில்தான் எல்லாம் இருந்தது. "செயலியில் ஒரு குழு நடப்பதாக என் கணவர் சொல்கிறார். பயிலரங்கில் நான் கொடுத்தது அவருடைய எண். என்னிடம் போன் இல்லை. அவர் விடியற்காலை லோடு ஆட்டோ எடுத்துப் போனால் இருட்டித்தான் வருவார், அந்தப் போனும் அவருடனேயே இருக்கும், வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் அதில்தான் கூப்பிடுவார்கள். உங்கள் செய்திகள் வருகிறபோதெல்லாம் அவர் கட்டைவிரல் போடுகிறாராம். ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். 'ஆபீஸ் குரூப்புல மேல உள்ளவங்க என்னமாவது போட்டா விரல் போடணும்லா, இல்லன்னா உனக்கு மரியாதை இல்ல' என்கிறார். தயவுசெய்து அதை என் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எதையும் சோதிக்கவில்லை. புதிய பதிப்பை வெளியிட வேண்டாம், பொறுங்கள்."

நாங்கள் அதற்குள் வெளியிட்டுவிட்டிருந்தோம்.

மூன்றாவது, பெயர் போன பிறகு. "முகப்பில் என் பெயர் இல்லை. காரணம் இருக்கும், கேட்கவில்லை. ஆனால் புதிய பதிப்பில் ஒன்பது சுயம்புலிங்கமும் மறுபடி ஒரே ஆளாகிவிட்டார்கள். நூலகத்தில் தினம் சண்டை. பழைய பதிப்பையாவது திருப்பித் தர முடியுமா? என் கணவர் முகப்பைப் பார்க்க மறுபடி வருகிறேன் என்கிறார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

நூற்றுப் பதினேழு நாள் அந்த முதல் மடல் என் வாசலில் நின்றிருக்கிறது.

நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு போன் பண்ணியிருக்கலாமே, வீட்டுக்காரர் போனை வாங்கி ஒரு வரி தட்டியிருக்கலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தீர்களா, அந்த நேரத்திலும் எனக்குப் பதில் வாதம் தயார். ஞானராஜ் அண்ணனுக்கு மூன்று மடலையும் அனுப்பினேன். மறுநாள்தான் கூப்பிட்டார்.

"படிச்சேன்."

"அண்ணே, நீங்க எழுதுங்க. உங்க மேல அவங்களுக்கு மரியாதை உண்டு."

"நான் எழுதமாட்டேன். நீ எழுது."

"என்னன்னு எழுதட்டும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும் ஆவுடை? நான்தான் படிக்காதவனாச்சே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இரண்டு நாள் எழுதினேன். முதலில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒரு கொள்கை. அதனால் மடற்குழுவைத் திறந்துவிட்டேன். மூன்று மடல்களையும் எல்லோருக்கும் போகவிட்டேன். புதிய பதிப்பைத் திரும்பப் பெற்று, சுயம்புலிங்கங்களைப் பீருவும் நானுமாக உட்கார்ந்து பிரித்தோம். தொண்ணூறு நாள் விதியை நீக்கினேன். அவர்கள் பெயரை ஐந்தாவது வரியில் வைத்து, என் பெயரை எடுத்தேன், கீழே இறக்கவில்லை, எடுத்தே விட்டேன். கருத்தரங்கக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகத் துறைத்தலைவருக்கு எழுதினேன். இனி "போகலாமா" என்ற கேள்விக்கு மடலில் வருகிற பதில்தான் செல்லும் என்று புதிய விதி எழுதினேன். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன். பீருவிடம்கூடக் கேட்டேன், "ஏதாவது பாக்கி இருக்கால?" அவனும் யோசித்துப் பார்த்து, "இல்ல புள்ள, இதுக்கு மேல என்ன," என்றான்.

மடல் நாலு பக்கம் வந்தது. எங்கே தவறினேன், ஏன் தவறினேன், ஓட்டெடுப்பை எங்கே நடத்துகிறோம் என்பதே ஒரு அதிகாரம் என்பதை எப்படி உணர்ந்தேன், எல்லாம். நல்ல மடல். வாசித்தால் உங்களுக்கே கண்ணில் நீர் வரும். கடைசியில், "உங்களுக்கு நான் இன்னும் என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள்" என்று முடித்தேன். அனுப்பிவிட்டுச் செயலிக்குள் போய், குழுவிலும் அந்த நாலு பக்கத்தை அப்படியே போட்டேன், எல்லோரும் பார்க்கட்டும், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை என்று. உடனே எழுபது எண்பது பதில்கள். பாராட்டு, அழுகிற பொம்மை, விவாதம், எதிர்விவாதம். மூன்று நாள் ஓடியது. நானும் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன்.

ராஜகனி அக்காவிடமிருந்து மட்டும் பதில் இல்லை. ஒரு வாரம். பத்து நாள். நூற்றுப் பதினேழு நாள் காக்க வைத்தவளுக்குப் பத்து நாள் பெரிய தண்டனை இல்லைதான். ஆனாலும் மடற்பெட்டியை எத்தனை தடவை திறந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வையட்டும் என்று காத்திருந்தேன். மன்னித்தேன் என்று எழுதினாலும் எழுதலாம் என்று, மனசின் ஒரு மூலையில், அதற்கும்தான் காத்திருந்தேன்.

பதினோராம் நாள் வந்தது. என்னிடம் அச்செடுத்தது இருக்கிறது, வாசிக்கிறேன். நாலு பக்கத்துக்கு இவ்வளவுதான்.

"அன்புள்ள ஆவுடைச்செல்விக்கு, வணக்கம். மடல் கிடைத்தது. சுயம்புலிங்கங்கள் பிரிந்துவிட்டார்கள், நன்றி. இன்னும் என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். என் கணவர் எண் இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறது. இந்த வாரம் மட்டும் முந்நூற்றுச் சொச்சம் செய்தி, வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களின் செய்தி எல்லாம் அதற்கு அடியில் போய்விடுகிறது. அவராக விலகமாட்டார், விலகினால் எனக்கு மரியாதைக் குறைவு என்கிறார். நீங்கள் எடுத்துவிட்டால் நல்லது."